பளபளப்பைக் கெடுத்தல்

மூன்றாவது முறையும் விழுந்துவிட்டது.
ஆரப்பாளையம் – உசிலம்பட்டிச் சீட்டு ஒன்றில்
மடித்துக் கொண்டுவந்திருக்கிறார் ஒச்சப்பன்
அரிசியில் பாதியளவு எஃகுத் துண்டை.
"பருத்திப்பால் குடிக்கிறப்ப வந்திருச்சு டாக்டர்.
கடிக்கக்கூட இல்ல."

மற்ற பற்களில் எல்லாம் நிற்கிறது கிளிப்.
மேல்வரிசை, முன்பல், வலது:
அந்த ஒன்றில் மட்டும் நிற்பதில்லை.
அது அவருடைய பல் இல்லை.

செக்கானூரணி தாண்டி ஓர் ஆடு குறுக்கே வந்து
டிரைவர் மிதித்த மிதியில்
சீட்டுக் கம்பி வாங்கிக்கொண்டது பழைய பல்லை.
பிறகு வைத்த பீங்கான் இது. நான் வைத்ததில்லை.
யாரோ மனசு வைத்துச் செய்திருக்கிறார்கள்.
ஒன்பது வருடம்; கறை இல்லை, கீறல் இல்லை,
நேற்று சூளையிலிருந்து இறங்கியது போல.
அதுதான் சிக்கல்.
எதுவும் ஒட்டாத அளவுக்கு நல்ல பல்.

நாற்பத்து மூன்று வயதில் எதற்குக் கிளிப் என்று
வீட்டில் கேட்டார்களாம், டிப்போவிலும்.
பக்கத்துப் பற்கள் நகர்ந்து சந்து விழுந்து
விசிலைக் கவ்வ முடியவில்லை.
"காத்து உதட்டோரமா ஓடிருது.
நான் ஊதுறது எனக்கே கேக்கல,
டிரைவருக்கு எப்படிக் கேக்கும்?
தகரத்தத் தட்டித் தட்டிக் கை காய்ச்சுப்போச்சு."

அடுத்த ஆளை ஏழு மணிக்குத் தள்ளச் சொன்னேன்
முத்துப்பேச்சியிடம்.
நீல ரப்பர் விரிப்பு. ஈறுக்கு மேல் ஒரு காப்புப் பூச்சு.
பீங்கானைத் தின்கிற அமிலம்,
சதையிடம் அனுமதி கேட்காது.

முதலில் வைரமுனையால் மேல்மெருகை
லேசாக, இன்னும் லேசாக எடுத்தேன்.
முகம் தெரியாத ஒருவரின் நல்ல வேலையைக் கெடுக்க
கை கொஞ்சம் கூசத்தான் செய்தது.

பிறகு அமிலம். ஒரு சொட்டுக்கும் குறைவு.
அறுபது எண்ண வேண்டும்.
பேச்சி எண்ணுகிறாள், உறிஞ்சுகுழலைப் பிடித்தபடி.
கீழே பேட்டரிக் கடையில் பேரம்.
காளவாசல் சிக்னலில் பத்து ஹார்ன்கள் ஒன்றாக.
நாற்பத்தெட்டில்
கரண்ட் போனது.

இருட்டிலும் அமிலம் தின்னும்.
குழல் மட்டும் செத்துப்போய்த் தொங்கியது.
நாற்பத்தொன்பது, ஐம்பது
அவள் குரல் மாறவில்லை.
பேட்டரிக் கடைப் பையன்
ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறான்,
மறுபடி இழுக்கிறான்.
ஐம்பத்தேழில் அது இருமியது.

கழுவி உலர்த்திப் பார்த்தேன்.
பளபளப்பு போய்
ஆவியடித்த டீக்கடைக் கண்ணாடிபோல் வெளிறி இருந்தது.
இனி ஒட்டும்.

அதற்கு மேல் சைலேன், ஒரே தடவல்.
இரண்டு வீட்டிலும் காப்பி குடிக்கிற கல்யாணத் தரகர் அது.
ஒரு கையால் பீங்கானைப் பிடிக்கும்,
மறு கையால் பசையை.
கிளிப்பை வைத்து அழுத்தி
நீல வெளிச்சம், இருபது விநாடி.
ஒச்சப்பன் கண்ணை இறுக மூடியிருந்தார்,
பெரிய லாரி எதிரே வருவது போல.

சொல்லிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று,
மறந்திருப்பார்:
பதினெட்டு மாதம் கழித்துக் கழற்றும்போது
ரொம்ப நன்றாக ஒட்டியிருந்தால்
பீங்கானும் கூடவே பெயர்ந்து வரும்.
பிடித்திருக்கவும் வேண்டும், கேட்டால் விடவும் வேண்டும்.
அந்த அளவுக்குப் புத்தகத்தில் எண் இருக்கிறது.
என் கட்டைவிரலில் இல்லை.

"விழுந்தா போன் பண்ணுங்க.
விழலேன்னா அடுத்த மாசம் வந்தாப் போதும்."

வியாழக்கிழமை,
இரண்டு கையும் இன்னொரு வாய்க்குள் இருக்கும்போது
பேச்சி போனை என் காதருகே பிடித்தாள்.
"டாக்டர், ஒச்சப்பன்."
விழுந்துருச்சா?
"இல்ல, இல்ல. கறிதோசை தின்னு பாத்துட்டேன்.
விழலேன்னு சொல்லத்தான்."

பின்னால் இஞ்சின் உறுமல்.
யாரோ மிச்சச் சில்லறை கேட்கிறார்கள்.
"ஒரு நிமிசம் டாக்டர்" என்றார்.
தகரத்தில் இரண்டு தட்டு.
வண்டி நகர்ந்தது.